தறிச்சுவருக்கு இந்தப் பக்கம்

அன்புக்கரசி டீச்சரின் குரல் போனது ஜூன் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, ஏழாம் வாய்ப்பாட்டில். 'ஏழெட்டு' என்று சொல்லிவிட்டு 'ஐம்பத்தாறு' சொல்ல வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி திறந்தார். அதற்கும் காற்றுதான்.

ஆலாங்காட்டுப்புதூர் ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கும் வெள்ளியங்கிரியின் தறிக்குடோனுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் முப்பத்தாறு விசைத்தறிகள், இந்தப் பக்கம் நாற்பத்து மூன்று பிள்ளைகள். பள்ளிக்கூடம்தான் முதலில் வந்தது. பக்கத்தில் வெள்ளியங்கிரியின் அப்பா பருத்தி போட்டிருந்தார். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடிக்குப் போயும் புழுதியே வந்த பிறகு பருத்திக்காட்டில் தறி முளைத்தது. பல்லடத்தைச் சுற்றி எந்த ஊரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள். தறிச் சத்தத்தை எங்கள் ஊரில் யாரும் சத்தம் என்று நினைப்பதில்லை. கரண்ட் போய்த் தறி நின்றால்தான், என்னவோ ஆகிவிட்டது என்று தலையை வெளியே நீட்டுவோம்.

டீச்சர் அந்தியூர்ப் பக்கம். தறியே பார்க்காமல் வளர்ந்தவர். இங்கே மாற்றலாகி வந்த முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டு நின்றாராம். இரண்டாம் நாள் தறியை மிஞ்சிக் கத்தத் தொடங்கியவர், பத்தொன்பது வருடம் கத்தினார். பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களுக்கே பதினாறாம் வாய்ப்பாடு தலைகீழாக வரும். அதில் நானும் ஒருவன். அவ்வளவு கத்தலுக்கு அந்தத் தொண்டை பத்தொன்பது வருடம் தாங்கியதுதான் ஆச்சரியம், ஆனால் அது அன்றைக்கு எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சத்துணவு சமைக்கிற பூவாத்தாள்தான் முதலில் ஓடி வந்தார்.

"ஏனுங் டீச்சர், தொண்ட கட்டிக்கிச்சுங்களா? ஆடி பொறக்கறதுக்கு மின்னாலயே காத்து இந்தப் போடு போடுது, ஐஸ் மோரு குடிக்காதீங்கன்னு நேத்தே சொன்னனுங்களே. இருங்க, மொளகு தட்டிப் போட்டுப் பாலு காச்சியாரேன்."

மிளகுப் பாலும் சித்தரத்தையும் பத்து நாள் போயின. பிறகு கோயமுத்தூருக்குப் போனார்கள். குரல் நாண் மேல் சதை வளர்ந்திருந்தது. கெட்ட சதை இல்லை என்பது ஒரு நிம்மதி. எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா சொன்னது மூன்று விஷயம். மூன்று வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுப்பது கத்துவதைவிட மோசம். அதற்கப்புறம் மெதுவாக, நாளுக்குச் சில நிமிடம். மூன்றாவதை டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: இனிமேல் ஆயுளுக்கும் கத்தக்கூடாது. கத்தினால் இருக்கிறதும் போய்விடும்.

டீச்சரின் கணவர் தம்பிதுரை, கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் லேத்தில் முப்பத்து மூன்று வருடம் நின்று அந்த மே மாதம்தான் ரிட்டையர் ஆகியிருந்தார். ஓசூரில் வேலையிலிருக்கும் மகன் அன்புமணி போனில் சொன்னான்: "அம்மாவுக்கு விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துருங்கப்பா. இங்க வந்துருங்க." தம்பிதுரைக்கும் அதுதான் சரி என்று பட்டது. விண்ணப்பத் தாளை வாங்கி வந்து பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். டீச்சர் அதைப் பார்த்தார். எடுக்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

இருபத்தெட்டு வருடமாக வீட்டில் பேசுவது டீச்சர், 'ம்' கொட்டுவது தம்பிதுரை. இப்போது எல்லாப் பேச்சும் அவர் தலையில் விழுந்தது. மனிதர் தவித்துப் போனார். டீச்சர் மடியில் ஒரு சிலேட்டு, கையில் பல்பம்.

"சொந்த ஊட்டுலயே வானொலி மாதிரி நானே பேசிக்கிட்டு இருக்கறேன் அன்பு. நீ ஒண்ணும் எழுதாம இருந்தா நான் என்னத்தக் கண்டேன்? அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடறியா இல்லியா, அத மட்டும் எழுது."

டீச்சர் எழுதினார்: 'ஸ்கூல்ல இன்னைக்கு யாரு?'

அங்கே யாரும் இல்லை என்பதுதான் உண்மை. இரண்டு டீச்சர் பள்ளி அது. இன்னொரு டீச்சர் சாஜிதா பேகம் பேறுகால விடுப்பில் இருந்தார். ஒன்றியத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு சாரை அனுப்பினார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு பாடம் நடத்துவதற்குள் காதைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். மற்ற மூன்று நாளும் பூவாத்தாள் குழம்புக் கரண்டியோடு வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஜூலை பாதியில் தனியார் பள்ளி வேன் ஒன்று ஊருக்குள் வர ஆரம்பித்தது. மஞ்சள் வேன், முகப்பில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. நான்கு பிள்ளைகள் அதில் ஏறின. மாற்றுச் சான்றிதழ் கேட்டு இன்னும் ஏழு பேர் காத்திருந்தார்கள். டீச்சர் ஓய்வில் போய்விட்டால் பள்ளிக்கூடத்துக் கேட்டில் பூட்டு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேனுக்குக் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் எங்கே போகும் என்பது யாருக்கும் தெரியாது. அவை பெரும்பாலும் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் பிள்ளைகள்.

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை வெள்ளியங்கிரி டீச்சர் வீட்டுக்குப் போனார். இதை நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். டீச்சரின் அப்பா அவர்கள் ஊரில் பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவர். வெள்ளியங்கிரியின் அப்பா பண்ணையம் வைத்திருந்தவர். பத்தொன்பது வருடமாக வெள்ளியங்கிரி டீச்சரை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார், மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் அந்த வீட்டு வாசலுக்கு வந்தால் வண்டியை விட்டு இறங்கமாட்டார். மொபெட்டில் உட்கார்ந்தபடியே சேதியைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு இறங்கினார். செருப்பைக் கழற்றினார். உள்ளே போய், யேசு படத்துக்குக் கீழே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பிதுரை கொடுத்த காபியை வாங்கி, ஆற்றாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"என்ற தறிதானுங் டீச்சர் உங்க தொண்டையத் தின்னது," என்றார். "நேத்து ஊட்டுல சோறு எறங்குல. பத்தொம்பது வருசமா அந்தக் கத்துக் கத்துனீங்களே, ஒரு நாளு வந்து 'ஏனுங், அந்த மிசினக் கொஞ்சம் நிறுத்துங்'ன்னு கேட்டிருக்கலாமுங்களே."

டீச்சர் சிரித்துவிட்டார். சத்தம் இல்லாத சிரிப்பு.

"சிரிக்காதீங்க. முடிவு பண்ணிப்போட்டுத்தான் வந்திருக்கறேன். காலைல ஒம்பதரைக்குத் தறிய நிறுத்தறது, சாயங்காலம் நாலு மணிக்கு ஓட்டறது. நீங்க மொல்லப் பேசினாலே புள்ளைகளுக்குக் கேக்கும். பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க."

டீச்சர் பல்பத்தை எடுத்தார். எழுதி, அழித்து, மறுபடி எழுதினார்: 'ஓடுற மீட்டருக்குத்தானே தறி ஓட்டறவங்களுக்குக் கூலி. தறி நின்னா கீதா என்ன பண்ணுவா? பதினெட்டுப் பேரு என்ன பண்ணுவாங்க?'

வெள்ளியங்கிரி அதை இரண்டு தரம் படித்தார். சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். போகும்போது வாசலில் நின்று தம்பிதுரையிடம் சொன்னார்: "ஒரு வழி பண்ணோணுங். சும்மா உட்றப் படாது." என்ன வழி என்று அவருக்கும் தெரியாது.

சேதி குடோனுக்குப் போய்விட்டது. வெள்ளியங்கிரி சொல்லவில்லை, ஆனால் எங்கள் ஊரில் சேதிக்கு ஆள் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் கீதா டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலையெல்லாம் பஞ்சு. பக்கத்தில் அவள் மகள் ரித்திகா, ஐந்தாம் வகுப்பு. கீதா அந்தக் குடோனில் எட்டுத் தறி பார்க்கிறவள். புருசன் திருப்பூரில் இருக்கிறான் என்பார்கள், அதற்குமேல் அவளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

"உள்ள வா அம்மணி," என்றார் தம்பிதுரை, அடுப்படியிலிருந்து.

"இருக்கட்டுங் சார், பஞ்சு கொட்டும்," என்று சொல்லிவிட்டு நடையிலேயே நின்றாள். "டீச்சர், தறிய நிறுத்தச் சொல்லிருங்க. நாங்க பதினெட்டுப் பேரும் பேசிப்போட்டம். ஆறு பேரு சாமளாபுரத்துப் பக்கம் குடோனுக்குப் போயிக்கறம், மத்தவிய நாலு மணிக்கு மேல பொழுதோட ஓட்டிக்கட்டும். எப்படியோ பொழைச்சுக்குவமுங். நீங்க போயிட்டீங்கன்னா இவளுக்குப் பள்ளிக்கொடம் இல்லீங்."

டீச்சரின் கண் கலங்கியது. சிலேட்டைத் தேடினார். அது கூடத்தில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அடுப்படியில் அரிசியும்பருப்பும் சாதம் தாளித்த வாசம் கருகல் பக்கம் திரும்பியது. தம்பிதுரை குக்கருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன போடட்டும்?" என்று கையை விரித்தார். டீச்சர் பழக்க தோசத்தில் வாயை அசைத்தார், சத்தமே இல்லாமல். தம்பிதுரை தலையாட்டி, உப்பு டப்பாவை எடுத்து நீட்டினார். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி வாயை அசைத்தார். அவர் மஞ்சள் டப்பாவை எடுத்தார்.

"உப்புப் போட்டாச்சாமாங் தாத்தா," என்றாள் ரித்திகா நடையிலிருந்து. "இன்னம் மூணு டம்ளர் தண்ணி ஊத்திட்டு, தீயக் கொறைக்கச் சொல்றாங்க."

எல்லோரும் நின்றார்கள். குக்கர் மட்டும் கருகிக்கொண்டிருந்தது.

"நீ என்ன கண்ணு சொன்ன?" என்றார் தம்பிதுரை.

"டீச்சர் சொன்னதத்தானுங் சொன்னேன்."

டீச்சர் எழுந்து அவள் எதிரே வந்தார். கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்தார். பிறகு உதட்டை அசைத்து, நீளமாக ஏதோ கேட்டார். தம்பிதுரைக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை.

ரித்திகா பதில் சொன்னாள்: "யாரும் சொல்லிக் குடுக்கலீங் டீச்சர். ஏழெட்டுலயே நிக்குதுங்."

"என்ன கேட்டா?" என்றார் தம்பிதுரை.

"ஏழாம் வாய்ப்பாட்டப் பாதியில உட்டுட்டு வந்தனே, மீதிய யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க."

டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்பதுபோல் கீதா பார்த்தாள். "தறிக்குடோன்ல வாயத் தொறந்து பேசுனா யாருக்குங் கேக்கும்? நூலு கொண்டு போற நாடா அடிக்கிற அடியில பக்கத்துல நிக்கறவங்க கத்துனாக்கூடக் கேக்காதுங். ஒதட்டப் பாத்துத்தான் பேசிக்குவோம். நானு இந்தக் கோடியில நிப்பேன், பழனியாத்தா அக்கா அந்தக் கோடியில நிப்பாங்க. காலைல என்ன கொழம்புங்கறதுல இருந்து ஊருப் பொரணி வரைக்கும் பேசிருவமுங். தறிக்காரங்க புள்ளைக எல்லாமே இப்படித்தானுங். இதுக கைக்கொழந்தையா இருக்கறப்பவே தறிக்கு நடுவுல தொட்டில் கட்டிப் போட்டு ஓட்டுனமுங்களே. அழுகற சத்தங்கூடக் கேக்காது, வாயப் பாத்துத்தான் பாலு குடுப்பம்."

பிறகு கொஞ்சம் தயங்கிச் சேர்த்தாள். "உங்க பாடத்தக்கூட இவ கேட்டுப் படிக்கலீங் டீச்சர். பாத்துத்தான் படிச்சா. நீங்க போர்டுப் பக்கந் திரும்பிட்டா மட்டும் அவளுக்கு ஒண்ணும் வெளங்காதுங்."

டீச்சர் முகம் மாறியது. வகுப்பில் திரும்பி எழுதிக்கொண்டே கத்துவது அவர் வழக்கம். ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து 'என்னுங் டீச்சர்?' என்று ஒரு குரல் வரும். அது ரித்திகா. மூன்று வருடமாக அவள் அறிக்கை அட்டையில் டீச்சர் ஒரே வரியை எழுதி வந்தார்: கவனம் போதாது. நாற்பத்து மூன்றில் இருபத்தொன்பது பிள்ளைகள் தறிக்கார வீடு. பத்தொன்பது வருடமாக அவர் தொண்டை கிழியக் கத்தியது, கேட்காதவர்களை நோக்கி. அவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள், அவரோ முதுகைக் காட்டினார்.

கூடத்துக்குப் போய்ச் சிலேட்டை எடுத்து வந்தார். எழுதி ரித்திகாவிடம் காட்டினார். 'கவனம் போதாதது எனக்குத்தான் கண்ணு.' ரித்திகா அதைப் படித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள். கீதா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், பஞ்சு என்று சொல்லி.

அன்றைய சாதம் அடிப்பிடித்துவிட்டது. நான்கு பேரும் அதைத்தான் நெய் விட்டுச் சாப்பிட்டார்கள்.

ஆகஸ்டு இரண்டாம் வாரம் டீச்சர் பள்ளிக்கு வந்தார். டாக்டரம்மாவிடம் 'ஒரு சத்தமும் போடமாட்டேன்' என்று எழுதிக் கொடுத்துத்தான் சான்றிதழ் வாங்கினாராம். தறி நிற்கவில்லை. நிற்க வேண்டாம் என்று டீச்சர் வெள்ளியங்கிரிக்கு எழுதி அனுப்பிவிட்டார். ஆனால் வெள்ளியங்கிரியால் சும்மா இருக்க முடியவில்லை. குடோனின் பள்ளிப் பக்கத்துச் சன்னல்கள் நான்கையும் செங்கல் வைத்து அடைத்து, மேற்கே புதுச் சன்னல் திறந்தார். கொத்தனாருக்குச் சிமெண்டு கலந்து கொடுத்ததும் அவரேதான். ஆடிக் காற்றில் சிமெண்டெல்லாம் அவர் மீசையில் இருந்தது.

மற்றவர்களும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் பிள்ளைகளுக்கு முதுகு காட்டக்கூடாது என்றால், மறுநாள் பாடம் முன்கூட்டியே போர்டில் இருக்க வேண்டும். அதனால் பக்கச் சுவர் இரண்டிலும் கறுப்பு அடித்து மூன்று போர்டாக்கினோம். சாயங்காலம் டீச்சர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துப் போர்டில் எழுதுகிற வேலை முறை வைத்து நடந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையும் பிடித்துப் போட்டார்கள். செவ்வாயும் வியாழனும் என் முறை. முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் சாக்பீசைத் தொட்டேன்.

பெஞ்சுகளை அரை வட்டமாகப் போட்டார்கள். தறி வீட்டுப் பிள்ளை ஒன்று, விவசாயம் பார்க்கிற காட்டு வீட்டுப் பிள்ளை ஒன்று என்று மாற்றி மாற்றி உட்கார்ந்தன. தெரிந்தது தெரியாததுக்குச் சொல்லிக் கொடுத்தது. எண் வந்தால் விரல், பெயர் வந்தால் போர்டு. ஒன்று இரண்டாம் வகுப்புச் சின்னதுகளுக்கு வாய் பார்த்தால் போதாது என்று சாஜிதா பேகம் விடுப்பிலிருந்தபடியே தினம் இரண்டு மணி நேரம் வந்தார். கணவர் நிஜாம் ஆட்டோவில் கொண்டுவந்து விடுவார். குழந்தைக்குத் தறியில் நெய்த காடாத்துணியில் தூளி கட்டிக் கொடுத்தது பூவாத்தாள். தறிச் சத்தத்தில் அது நன்றாகத் தூங்கியது.

"பாத்துக்குங்க டீச்சர், இதும் தறிக்காரப் புள்ளையா ஆயிரும்," என்றார் பூவாத்தாள்.

முதல் நாள் டீச்சர் வகுப்பின் முன்னால் நின்று உதட்டை அசைத்தார்: ஏழெட்டு? அத்தனை உதடும் அசைந்தன. ஆனால் ஒரு சிக்கல். பிள்ளைகளுக்கு அவர் பேசுவது தெரிந்தது, அவருக்குப் பிள்ளைகள் பேசுவது தெரியவில்லை. சத்தம் போட்டுச் சொல்லச் சொன்னால், தறியை மிஞ்ச அதுகள் கத்தும். பதிலுக்கு அவர் தொண்டையும் தன்னால் எழும்பும். இரண்டு தடவை எழும்பிவிட்டது, ரத்தம் கலந்து துப்பினார். அதனால் பகல் சாப்பாட்டு நேரத்தில் கீதா தூக்குப்போசியோடு சுவரைச் சுற்றி வந்து டீச்சர் எதிரே உட்காருவாள். ஒரு வாய் உண்பாள், ஒரு வார்த்தை உதட்டால் சொல்வாள். டீச்சர் என்னவென்று சிலேட்டில் எழுத வேண்டும்.

"கொள்ளுப் பருப்புன்னு சொன்னனுங். நீங்க என்னமோ குதிரைக்குட்டின்னு எழுதியிருக்கீங்க," என்பாள் கீதா.

"கொள்ளுன்னா குதிரை திங்கறதுதானே, டீச்சர் பக்கத்துலதான் வந்துட்டாங்க," என்பார் பூவாத்தாள். அரிசி களைவதை விட்டுவிட்டு அவர் சிரிக்கிற சிரிப்பில் டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிடும். ஐம்பத்து நான்கு வயதில் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறேன் என்று வீட்டில் எழுதிக் காட்டினாராம். தம்பிதுரை பிரிட்ஜ் பக்கம் கையைக் காட்டியிருக்கிறார். விருப்ப ஓய்வுத் தாள் அங்கேயேதான் இருந்தது, ஆனால் திருப்பி ஒட்டப்பட்டு. பின்பக்கம் அவர் கையெழுத்தில், 'அரிசி ரெண்டு டம்ளர், பருப்பு அரை, தண்ணி ஏழு. தீயைக் குறைக்க.'

செப்டம்பரில் யாரோ மேலே எழுதிப் போட்டுவிட்டார்கள், பேசாத டீச்சர் பாடம் நடத்துகிறார் என்று. யார் என்று எங்களுக்குத் தெரியும், சொல்லி என்ன ஆகப்போகிறது. வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார். அவர் வருவதை அறிந்து வெள்ளியங்கிரி தறியை நிறுத்தப் போனார். டீச்சர்தான் வேண்டாம் என்று கை காட்டினார். இருக்கிறபடியே பார்க்கட்டும்.

அலுவலர் நல்ல ஆகிருதி, அதற்கேற்ற மீசை. வகுப்பின் முன்னால் நின்று ஒரு கேள்வி கேட்டார். பிள்ளைகள் அவர் வாயை உற்றுப் பார்த்தன. மறுபடி கேட்டார். முன் பெஞ்சு மதன்குமார் எழுந்து இன்னும் பக்கத்தில் வந்து பார்த்தான். மூன்றாம் தரம் கத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் தலையைக் குலுக்கிக்கொண்டு குறிப்பேட்டைத் திறந்தார். நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பிதுரை என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது.

அப்போது ரித்திகா எழுந்தாள். "சார், உங்க மீசை ஒதட்ட மூடிக்குதுங் சார். கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கிட்டுக் கேளுங்."

அலுவலர் அவளைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். டீச்சருக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. பிறகு அந்த மனிதர், அவரை நான் இன்றைக்கும் வாழ்த்துவேன், இரண்டு விரலால் மீசையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஒரு மீட்டர் துணியில் எத்தனை சென்டிமீட்டர்?"

எல்லாக் கையும் மேலே போயின.

அப்புறம் அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் டீச்சர் நடத்துவதைப் பார்த்தார். டீச்சர் உதட்டால் கேட்பார், ஒரு பிள்ளை உதட்டால் சொல்லும், டீச்சர் தலையாட்டி அடுத்த பிள்ளைக்குப் போவார். இடையில் ஒரு தடவை, புரியவில்லை, இன்னொரு தரம் சொல் என்று ஆட்காட்டி விரலைக் காட்டினார். தறி அந்தப் பக்கம் அடித்துக்கொண்டே இருந்தது. போகும்போது அலுவலர் சொன்னது இவ்வளவுதான்: "நான் எழுத வேண்டியத எழுதிக்கறேன். நீங்க நடத்துங்கம்மா." வேனில் போன நான்கு பிள்ளைகளில் இரண்டு காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு திரும்பி வந்தன. மற்ற இரண்டும் இன்னும் மஞ்சள் வேனில்தான் போகின்றன. போகட்டும்.

அக்டோபர் மாதம் ஒரு புதன்கிழமை. மின்வாரியத்தில் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். சரியாக ஒன்பதுக்குத் தறிகள் நின்றன. முப்பத்தாறும் ஒரே நேரத்தில். ஊரில் திடீரென்று காக்காய் கத்துவது கேட்டது. பூவாத்தாள் வெங்காயம் அரிகிற சத்தம் ரோடு வரை கேட்டது.

அதற்குள் நாளுக்குப் பதினைந்து நிமிடம் பேசலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்திருந்தார். வீட்டில்கூட அதில் ஒரு நிமிடத்தையும் டீச்சர் செலவழிக்கவில்லையாம். தறி நின்றதால் ஆட்கள் வேலை இல்லாமல் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார்கள். கீதா, பழனியாத்தாள், சாஜிதாவை விட வந்த நிஜாம், வெள்ளியங்கிரி. நானும் தம்பிதுரையும் சன்னலோரம் நின்றோம்.

டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். தொண்டையைச் செருமவில்லை, செருமக் கூடாதாம். ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"மதன்குமார்," என்றார்.

சின்னக் குரல். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் பதமான குரல். அப்படி ஒரு குரலை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. மதன்குமார் எழுந்து நின்றான். பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"டீச்சர், இது உங்க கொரலுங்களா?"

டீச்சர் சிரித்தார். "ஆமா கண்ணு. என்னோட கொரலு இதுதான். இத்தன வருசமா நீங்க கேட்டது வேற."

கீதா அழுதாள். இந்தத் தடவை பஞ்சு என்று சொல்ல முடியவில்லை, காலையிலிருந்து தறியே ஓடவில்லை. வெள்ளியங்கிரி வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ இருப்பதுபோல.

"உள்ளேன் டீச்சர்," என்றான் மதன்குமார், அதே அளவு மெதுவாக.

டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் குரலை உடைத்துவிடக் கூடாது என்பதுபோல் பதில் சொன்னது. பத்தொன்பது வருடமாகக் கத்தித்தான் டீச்சர் பெயர் கூப்பிட்டார், கத்தித்தான் பிள்ளைகள் உள்ளேன் என்றார்கள். மெதுவாகக் கூப்பிட்டால் ஒரு பெயர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசிப் பெயர். "ரித்திகா."

ரித்திகா எழுந்தாள். டீச்சரையே பார்த்தாள். ஓர் ஓசையும் வரவில்லை. டீச்சரும் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையாட்டி, பேனாவை எடுத்து அவள் பெயருக்கு நேரே குறி போட்டார்.

தம்பிதுரை என் பக்கம் குனிந்தார். "ஏனுங், அந்தப் புள்ள பதிலே சொல்லலியே?"

"சொல்லிட்டாளுங்," என்றேன். "டீச்சருக்குக் கேட்டுருச்சுங்."